இரண்டு கணக்கும் ஒரு மாப்பிள்ளையும்

"சீதன வீடு குடுக்கிறது நாங்க, கேள்வியும் நாங்கதான் கேப்பம்" என்றார் வாப்பா.

1981இல், நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை, என்னைப் பெண் பார்க்கக் கல்முனைக்கு வந்திருந்த காலிதீன் கணக்கு வாத்தியார். கணக்கில் புலி என்று அவருடைய மாமா இரண்டு தரம் சொல்லிவிட்டார். நானும் கணக்கு டீச்சர்தான் என்பதை அந்த மாமா கண்டுகொள்ளவேயில்லை.

வட்டிலப்ப இனிப்புத் தட்டோடு ஒரு தாளையும் திரைக்கு வெளியே அனுப்பினேன்: (x − 9)/(√x − 3) ஐச் சுருக்குக.

கால் நிமிடத்தில் விடை வந்தது: √x + 3. எனக்கும் சந்தோஷம்தான், ஆள் பார்வைக்கும் மோசமில்லை.

"எப்படிச் செய்தீங்க?" என்று திரைக்குள்ளிருந்து கேட்டேன்.

"லேசு. x-ஐ √x-ஆல பிரிச்சா √x. ஒன்பத மூன்றால பிரிச்சா மூன்று. சயவைச் சயவால பிரிச்சா சக."

கழித்தல் குறியைக் கழித்தல் குறியால் வகுத்துக் கூட்டல் குறி எடுத்திருக்கிறார்! x − 9 ஐ (√x − 3)(√x + 3) என்று காரணிப்படுத்தியல்லவா வெட்ட வேண்டும்! இரண்டு சயவையும் சகவாக்கி அடுத்த தாளை அனுப்பினேன்: (x + 9)/(√x + 3).

அதற்கும் √x + 3 என்றே வந்தது.

"x-க்கு ஒன்று போட்டுப் பாருங்க. பத்த நாலால பிரிச்சா ரெண்டரை. உங்கட விடை நாலு."

"ஒன்று சரிதானே?" என்றார் மாமா. "அம்பது மார்க்ஸ், பாஸ்!"

"அந்தச் சரிக்கும் முட்டைதான்" என்றேன்.

காலிதீன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஆறு வருஷமா இப்படித்தான் படிப்பிக்கன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லல்ல."

வர்க்கமூலம் என்றால் என்னவென்றே தெரியாத வாப்பா, அதைக் கேட்டதும் எழுந்து, அவர் முன்னால் இருந்த வட்டிலப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.