டீ மட்டத்துக்கு வைத்த பொட்டு

தேனி கடைவீதியில், ஞானசிகாமணியின் இரும்புக்கடையில் ஒரே கோடாக விழுந்தது, அனுமந்தன்பட்டியில் தவசியின் வீட்டு வாசலில் இரண்டு கோடாகப் பிளந்தது. ஒரு தடவை என்றால் கை தவறிவிட்டது என்று விடலாம். இரண்டு தடவை நடந்தது, அதுவும் இரண்டு வேறு வேறு மட்டத்தில். தவசி மூன்றாவது தடவையாகத் தேனி பஸ்ஸுக்கு நின்றபோது அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இத்தனைக்கும் அவன் கண்ணை மூடிக்கொண்டு சாமான் வாங்குகிற ஆள் இல்லை. அண்ணன் தம்பிகள் எல்லாம் ஏர் பிடிக்க, இவன் ஒருத்தன் மட்டும் மிஷன் பட்டறைக்குப் போய் மரவேலை படித்து வந்தவன். தேனிக்கு ரயில் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் காசு பார்த்தவர்கள் காரை வீடு கட்டத் தொடங்கிய காலம். காமயகவுண்டன்பட்டி கர்ணன் தன் புது வீட்டு வாசல் கதவை இவனிடம் ஒப்படைத்திருந்தார். இரட்டைக் கதவு, ஒவ்வொன்றும் ஒண்ணே முக்கால் முழ அகலம், மலையிலிருந்து இறக்கிய தேக்கு. வைகாசி முகூர்த்தத்தில் கதவு மாட்ட வேண்டும். அவ்வளவு அகலப் பலகையில் குறுக்குக் கோடு போட, கையில் இருந்த சின்ன மூலைமட்டம் எட்டவில்லை. பட்டறையில் பார்த்த டீ மட்டம் ஒன்று வேண்டும் என்றுதான் தவசி முதலில் தேனிக்குப் போனான்.

டீ மட்டம் என்றால் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. குட்டையாக ஒரு தலைக்கட்டை, அதன் நடுவிலிருந்து நீளமாக ஓர் இரும்பு அலகு. தலைக்கட்டையைப் பலகையின் ஓரத்தில் அண்டக் கொடுத்து, அலகை ஒட்டிக் கோடு கிழித்தால், ஓரத்துக்கு நேர் குறுக்காகக் கோடு விழும். விழ வேண்டும். விழுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கோடு கிழித்த பிறகு மட்டத்தைப் புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கிழிக்க வேண்டும். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படிந்தால் மட்டம் யோக்கியமானது. காக்கை வாயைத் திறந்ததுபோல விரிந்தால் அதை அடுப்பில் வைக்கலாம்.

முதல் நாள் ஞானசிகாமணி நான்கு மட்டங்களை எடுத்துப் போட்டார். அவர் வேதக்காரர், கல்லாவுக்கு மேலே பைபிள் வசனம் எழுதிய அட்டை தொங்கும். வியாபாரத்தில் வாய் அதிகம் பேசாதவர். தவசி ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்து அலகு வளைந்திருக்கிறதா என்று பார்த்தான். தலையைப் பிடித்துக்கொண்டு அலகை ஆட்டினான்; ஒன்று லேசாகக் கடகடத்தது, அதைத் தள்ளி வைத்தான். இன்னொன்றில் வெறும் பசையால் ஒட்டியிருந்தார்கள், மழைக்காலத்தில் கழன்றுவிடும். மூன்றாவதன் தலைக்கட்டையில் மரக்கண் இருந்தது. நான்காவது பித்தளைத் தகடு வைத்து, நான்கு திருகாணி முடுக்கிய சீமைச் சரக்கு. கடைப் பலகையில் கோடு போட்டுப் புரட்டிப் போட்டான். ஒரே கோடு. பெண் பார்க்கப் போனவன்கூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டான் என்று ஞானசிகாமணி சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் தவசி அதை நேரே பொண்டாட்டி இருளம்மாளின் கையில் கொடுத்தான். பொட்டு வை என்றான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருளம்மாளுக்குப் பிறந்த பிள்ளைகள் இரண்டு. ஒன்று மூன்று மாதத்தில் போனது, இன்னொன்று பதினாறாம் நாள். அதற்குப் பிறகு ஊர் அவளுடைய கையைப் பார்க்க ஆரம்பித்தது. ராசியில்லாத கை என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, ஆனால் சத்தமாகச் சொன்னவள் தவசியின் அண்ணன் பொண்டாட்டி ராக்கம்மாள். பக்கத்து வீடு, நடுவில் சுவர் ஒன்றுதான். விதைப்பெட்டியை இவள் தொடக்கூடாது, புதுப் பானையை இவள் அடுப்பில் ஏற்றக்கூடாது என்று ஒவ்வொன்றாக விலக்கினார்கள். கடைசியில் யாரும் சொல்லாமலே இருளம்மாள் தானாக விலகிக்கொண்டாள். பால் மாடு வந்தால்கூடத் தள்ளி நின்று பார்ப்பாள். அதுதான் தவசிக்குப் பொறுக்கவில்லை. அண்ணனை விட்டுப் பிரிந்து தனியாகத் தொழில் தொடங்கிய அன்றே, இந்த வீட்டுக்கு வருகிற புதுச் சாமானுக்கு இவள்தான் பொட்டு வைப்பாள் என்று ராக்கம்மாளின் காதில் விழுகிற மாதிரி சொன்னான். கர்ணன் வீட்டுக் கதவு நல்லபடியாக நின்றுவிட்டால் ஊர் வாய் அடைபடும். நிற்காவிட்டால் கதவோடு போகாது, இவள் தலையில்தான் விடியும். மரவேலைக்காரனின் பெயர் கெட்டால் வேறு ஊரில் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம், இவள் எங்கே போவாள்?

அவள் தயங்கித் தயங்கித்தான் சந்தனம் குழைத்தாள். அந்த வீட்டில் கருவிக்குப் பொட்டு வைக்கிற முறை ஏர்க்காரர் முறை. கலப்பைக்குக் கொழுவில் வைப்பார்கள், அரிவாளுக்குக் கருக்கில். எந்த இடம் வேலையைத் தொடுகிறதோ அதுதான் கருவியின் வாய், பொட்டு அங்கேதான். உளிக்கு அதன் முனையில் வைத்தாள், ரம்பத்துக்குப் பல்லில் வைத்தாள். டீ மட்டத்துக்கு வாய் எது என்று தவசியிடம் கேட்டாள். பலகையில் அண்டுகிற தலைக்கட்டையின் உள்பக்கத்தை அவன் காட்டினான். நடுவில் அலகு இருந்ததால் வலது பக்கமாகத் தள்ளி, நல்லா அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். வெயிலில் அது ஓடுபோலக் காய்ந்தது. தவசி கோடு போட்டுப் புரட்டிப் போட்டான். கோடு விரிந்தது.

பஸ்ஸில் குலுங்கியதால் இருக்கும் என்று நினைத்தான். மறுபடி போட்டான், அப்போதும் விரிந்தது. இருளம்மாளிடம் எதுவும் சொல்லாமல், மறுநாள் பஸ் ஏறி, தேனியில் இறங்கியதும் குழாயடியில் பொட்டை ஈரத்துணியால் துடைத்தான். குங்குமம் பட்ட சாமானை எந்தக் கடைக்காரர் திருப்பி எடுப்பார்? ஞானசிகாமணி வாங்கிக் கடைப் பலகையில் போட்டுக் காட்டினார். ஒரே கோடு. தவசி பேயறைந்தவன்போல நின்றான். அவர் முகம் சுளிக்காமல் பக்கத்துக் கடையிலிருந்து வேறொன்று வரவழைத்துக் கொடுத்தார். அதுவும் கடையில் ஒரே கோடு, வீட்டில் பொட்டு வைத்துப் போட்டால் இரண்டு.

இதற்குள் ராக்கம்மாளுக்கு விஷயம் எட்டிவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முதலில் கொழுந்தனைத்தான் கேலி செய்தாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, கடையில் நல்லா இருந்தது இங்கன வந்துதானே கெட்டது, இங்கன யார் கை பட்டது என்று யாரிடமோ கேட்டாள். இருளம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு ஒன்றும் கேட்காததுபோல மறுபடியும் புடைத்தாள்.

மூன்றாவது தடவை தவசி தன் வீட்டுப் பலகைத் துண்டையே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனான். கோளாறு பலகையிலா, மட்டத்திலா என்று தெரிந்துவிடும் அல்லவா. தேனியில், போன தடவைபோலவே குழாயடியில் பொட்டைத் துடைத்துவிட்டுப் போட்டால், அந்தப் பலகையிலும் ஒரே கோடுதான் விழுந்தது. அப்படியானால் பலகை நல்லது, மட்டமும் நல்லது. பின்னே எது கெட்டது? ஞானசிகாமணி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"தம்பி, ஒண்ணு செய்யி. இத வீட்டுல கொண்டு போயி வச்ச ஒடனே ஒரு கோடு போடு. அப்பறம் நீ என்னென்ன செய்வியோ ஒவ்வொண்ணா செய்யி. ஒவ்வொண்ணுக்கும் பெறகு ஒரு கோடு போட்டுப் பாரு. எங்கன கெடுதுன்னு தெரிஞ்சு போகும்" என்றார்.

நல்ல யோசனைதான். அதுவே தன்னை இந்த உலகத்தில் யாரும் போகக்கூடாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்று தவசிக்கு அப்போது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் கோடு போட்டான். ஒரே கோடு. மூன்று நாளில் முதல் தடவையாகத் தன் வீட்டு வாசலில் ஒரே கோடு. சாப்பிட்டுவிட்டு வந்து போட்டான், அப்போதும் ஒன்றுதான். வெயிலில் வைத்து எடுத்துப் போட்டான், நிழலில் போட்டான், எதற்கும் அசையவில்லை. இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

பொட்டு வேண்டாம் என்று இருளம்மாள் சொல்லிப் பார்த்தாள். ராக்கம்மாள் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் வேண்டாம் என்றால், தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். வை என்றான் தவசி. வைத்தாள். காய்ந்ததும் கோடு போட்டான். புரட்டினான். நெல்மணி அகலத்துக்குக் கோடு விரிந்து கிடந்தது.

ராக்கம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். இருளம்மாள் கையைப் புடவையில் துடைத்தாள். அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

அந்த நேரத்தில் தவசியின் மனசில் ஓடியதைச் சொன்னால் வெட்கக்கேடு. ஊரே சொல்லியும் எட்டு வருஷமாக நம்பாதவன், அந்த இரண்டு கோட்டையும் பார்த்து நம்பிவிட்டான். கடையில் சரி, பஸ்ஸில் குலுங்கி வந்தும் சரி, வாசலில் சரி, இவள் கை பட்டதும் கோணல். கண்ணால் பார்த்ததற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பிள்ளைகளின் முகம்கூட ஞாபகம் வந்தது. தன் பொண்டாட்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது. பயந்ததை நினைத்து தன்மேலேயே காறித் துப்பலாம்போல இருந்தது. மட்டத்தை எடுத்துப் பலகை ஓரத்தில் ஓங்கி அண்டக் கொடுத்து, உடைந்தாலும் உடையட்டும் என்று அழுத்தினான்.

அப்போதுதான் குனிந்தவன் கண்ணில் பட்டது. தலைக்கட்டைக்கும் பலகைக்கும் நடுவில் சாயங்கால வெயில் ஒரு கீற்றாக உள்ளே வந்தது. இடது கோடியில் இடைவெளியே இல்லை, வலதுபக்கம் வரவர அகலம். வலதுபக்கத்தில் வெளிச்சத்தை மறித்துக்கொண்டு சிவப்பாக ஒன்று மட்டும் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பொட்டு.

மூன்று நாளும் அவன் பொட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அதற்கும் ஒரு தடிமன் உண்டு என்று பார்க்கவில்லை. கொழுவில் வைத்த பொட்டு முதல் சாலிலேயே மண்ணோடு போய்விடும், உளியில் வைத்தது முதல் வெட்டில் போய்விடும். டீ மட்டம் எதையும் வெட்டுவதில்லை. சும்மா அண்டி நிற்கிற சாமான். பொட்டு அப்படியே இருந்து, தலையை ஒருபக்கமாகத் தூக்கிவிட்டது. புரட்டினால் மறுபக்கமாகத் தூக்கியது. அவ்வளவுதான் சங்கதி. தவசி வாசலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தான்.

இருளம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காக இட்டுக்கட்டிச் சொல்கிறான் என்றே நினைத்தாள். அவளுடைய பொட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, தவசி தன் பெருவிரலால் சந்தனம் அப்பினான். காயும்வரை இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கோடு போட்டான். கோணல். அவளையே கோடு போடச் சொன்னான், அவள் போட்டதும் கோணல். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி மதினியைக் கூப்பிட்டான்.

"மதினி, ஒங்க கை ராசியான கைதான? நாலு பிள்ள பெத்தீக, நாலும் இருக்கு. ஒரு பொட்டு வச்சுட்டுப் போங்க."

ராக்கம்மாள் சந்தேகத்தோடு வந்தாள், ஆனால் கைராசி என்றதும் பெருமையில் தாராளமாகவே அப்பினாள். அவள் வைத்த பொட்டுக்குத்தான் கோடு எல்லாவற்றையும்விட அதிகமாக விரிந்தது. அவள் கோட்டைப் பார்த்தாள், மட்டத்தைப் பார்த்தாள். இந்தச் சீமைச் சாமானே சரியில்லை என்று முனகிக்கொண்டு போனாள். இந்தத் தடவை முந்தானையை உதறவில்லை.

தவசி பொட்டைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, கடைசியாக ஒரு தடவை போட்டுக் காட்டினான். ஒரே கோடு. கர்ணன் வீட்டுக் கதவுக்கு நாளைக்கே கோடு போட்டுவிடலாம், இனி ஒரு பயலும் ஒன்றும் சொல்ல முடியாது என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனான். இருளம்மாள் எதையும் காதில் வாங்கவில்லை. பலகையின் மேல் விரலை வைத்து அந்த ஒற்றைக் கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினாள்.

"அப்ப அந்தப் பிள்ளைகளுக்கும் இப்படி ஏதாச்சும் ஒரு காரணம் இருந்திருக்கும்ல?" என்று கேட்டாள். "எங் கை இல்லாம, வேற?"

தவசி கையிலிருந்த மட்டத்தைக் கீழே வைத்தான்.

"இருந்திருக்கும்த்தா" என்றான். "என்னன்னுதான் நமக்குத் தெரியாமப் போச்சு."

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தபோதும், தன் கையால் கெட்டதற்குத் தானே எப்படி அழுவது என்று வாயில் துணியைப் பொத்திக்கொண்டு நின்றவள் அவள். அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறதே என்றுகூடப் பார்க்காமல், முதல் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஓங்கி அழுதாள். தவசி பலகையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.