கறுப்பு நாய்க்கு மலிவான ஒரு டார்ச்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதை நகைச்சுவைக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருட அனுபவம். அவர் ஒரே மாதத்தில் மூன்று டார்ச் வாங்கினார். மூன்றும், இரவு வேலை முடிந்து வந்தபின் நாயை நடத்திக்கொண்டு போவதற்காக. ஒவ்வொரு முறையும் வாங்குமுன் எனக்குப் போன் செய்தார்.

“மாப்ள, விலை கம்மியா, வெளிச்சம் ஜாஸ்தியா ஒண்ணு சொல்லு. கையில கனக்கவும் கூடாது.”

“அத்தான், நீங்க கேக்குற மூணும் ஒரே டார்ச்சுல அமையாது.”

“நீ படிச்சவன். தேடிப் பாரு.” வைத்துவிட்டார்.

நாயின் பெயர் வக்கீல். தெருவில் எது நடந்தாலும் ஆட்சேபிக்கும் என்பதால் அக்கா வைத்த பெயர். கன்னங்கரேல் என்று இருக்கும். இரவில் பார்த்தால் ஓட்டுநர் வெறும் கயிற்றை இழுத்துக்கொண்டு போவதுபோல் தோன்றும்.

[இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு நானே சிரித்தேன். இப்போது அடித்துவிடத் தோன்றுகிறது. அடிக்கப்போவதில்லை. நான் எவ்வளவு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும்.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“மலிவான டார்ச் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, ஏனென்றால்…” கட்டுரை வாடை. விட்டுவிட்டேன்.

“அன்று நிலா இல்லை.” இருந்தது. அதுவும் நல்ல நிலா. பின்னால் அது தேவைப்படும்.

“ஓட்டுநர் இருட்டுக்குப் பயப்படுகிறவர் அல்ல, ஆனால்”

இந்த ‘ஆனால்’ என்னை இரண்டு நாள் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கவைத்தது. உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஆனால் என்ன? அதைக் கண்டுபிடிக்கக் கடைக்கே போகவேண்டியிருக்கிறது. வாருங்கள்.

3

முதல் டார்ச் பேனா அளவு. சட்டைப்பையில் செருகிக்கொள்ளலாம். “மின்மினிப்பூச்சி மாதிரி இருக்கு” என்று மூன்றே நாளில் ஓரங்கட்டினார். இரண்டாவது, மூன்று பேட்டரி போடுகிற நீளமான தகர டார்ச். அதன் வெளிச்சம் எதிர்வீட்டு மாடிச் சுவரில் வட்டமாக விழுந்தது, காலடியில் விழவில்லை. பேட்டரியும் வாராவாரம் தின்றது.

மூன்றாவதற்காக அவர் போனபோது மின்சாமான் கடைக்கார அம்மா கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். யாரையும் ஏமாற்றாதவர்; அதனாலேயே கொஞ்சம் கடுகடுப்பானவர்.

“நாயத்தானே நடத்துறீங்க? திருடன் கிருடன் பிடிக்கலியே?”

“நாய்தாம்மா. தரை தெரியணும். ரெண்டு ஓரமும் தெரியணும்.”

“அப்ப தூரம் அடிக்கிறது எதுக்கு? பரவலா விழுறத எடுங்க. சார்ஜ் போடுற வகை, பேட்டரிச் செலவு மிச்சம். உள்ள வாங்க, இருட்டுல காட்டுறேன்.”

கடைக்குப் பின்னால் சரக்கறை. அந்த அம்மா விளக்கை அணைத்தார். ஓட்டுநர் புது டார்ச்சை அழுத்தியதும் சுவருக்குச் சுவர் பால் கொட்டினதுபோல் வெளிச்சம். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இதும்மா டார்ச்சு!” பிறகு அணைத்தார். அப்படியே நின்றார்.

“லைட்டப் போடுங்கம்மா. வெளிய போக வழி தெரியல.”

“கதவு திறந்துதானே கிடக்கு? கடை வெளிச்சம் இவ்வளவு வருதே. இந்த அட்டப்பெட்டியில எழுதியிருக்கிறதையே நான் படிப்பேன்.”

“பளிச்சுன்னு பாத்த கண்ணு. கூசிப்போச்சு.”

“நானும் அதத்தானே பாத்தேன்?” என்றார் அந்த அம்மா.

ஓட்டுநர் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வழியில் கிடந்த ஒயர்ச் சுருளில் கால் தட்டியது. இதையெல்லாம் அன்று சாயங்காலமே போனில் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். குறிப்பேட்டில் ‘நல்ல காட்சி’ என்று எழுதிக்கொண்டேன்.

4

இங்கேதான் எனக்கு இந்த மனிதர்மேல் சந்தேகம் வந்தது. தன் கண்ணின் கோளாறு இவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தே பேருந்து ஓட்டினால் இவர் என்ன மனிதர்? தெரியாது என்றால், மூன்று டார்ச் எதற்கு?*

(* வருடத்துக்கொரு முறை ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. பட்டப்பகலில், குழல்விளக்கு எரிகிற அறையில், சுவரிலுள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். இவர் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிடுவார். ‘பார்வை நன்று’ என்று தாள் கொடுப்பார்கள். இருட்டில் யாரும் சோதித்ததில்லை.)

அவரை எனக்குத் தெரியும். பேருந்தில் ஏறிக்கொண்டிருக்கும் கர்ப்பிணி உட்காரும்வரை வண்டியை நகர்த்தாதவர். அவரை அயோக்கியனாக எழுத என் கை வரவில்லை. அப்பாவியாக எழுதினால் அது பொய். தெரிந்த ஒன்றைத் தனக்கே சொல்லிக்கொள்ளாமல் ஒருவரால் எவ்வளவு காலம் ஓட்ட முடியும்? அவரால் முடிந்தது, பேருந்தைப்போலவே, நேரம் தவறாமல்.

5

நிலாவுக்கு வந்துவிட்டோம்.

மூன்றாவது டார்ச் வந்து ஒரு வாரம். இரவு பத்து மணி. ஓட்டுநர் வக்கீலோடு தெருமுனைவரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். வெளிச்சம் காலடியில் பரவியிருந்தது. அதற்குள் இருந்ததெல்லாம் சுத்தமாகத் தெரிந்தது: கல், சாக்கடை மூடி, கசங்கிய தாள். அதற்கு வெளியே ஒன்றும் இல்லை. நடைபாதை இறங்கும் இடங்களில் நாய் முதலில் இறங்கட்டும் என்று நின்று, கயிறு தாழ்வதைக் கையில் உணர்ந்தபிறகே அவர் காலை வைத்தார். அது பழக்கமாகிவிட்டிருந்தது.

வக்கீல் திடீரென்று நின்றது. குரைக்கவில்லை. வால் அவர் முழங்காலில் பட்டுப் பட்டு ஆடியது.

“என்னடா, யாரு? யாருமில்லியே. வா.”

வக்கீல் வரவில்லை. வெறும் இருட்டைப் பார்த்துக் குழைந்தது. ஓட்டுநர் டார்ச்சைத் திருப்பினார். வெளிச்சத்துக்குள் இரண்டு கால்கள் வந்தன. அவரே வாங்கிக்கொடுத்த நீலப்பட்டைச் செருப்பு. வெளிச்சம் மெதுவாக மேலே ஏறியது.

என் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு முழத் தூரத்தில்.

“எவ்வளவு நேரமா நிக்கிற?”

“நீங்க முனை திரும்பினதுலேர்ந்து. நடுத்தெருவுலதான் நிக்கிறேன்.” அவள் எதிர்வீட்டுப் பக்கம் கை காட்டினாள். “இந்த நிலா வெளிச்சத்துல எதிர்வீட்டுக் கொடியில காயுற துணிய எண்ணலாம். என்னைய உங்களுக்குத் தெரியல.”

6

அக்கா கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிப்பவள். எது எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். மேசை இழுப்பறையில் மூன்று டார்ச்சைப் பார்த்த அன்றே அவளுக்குப் பொறிதட்டிவிட்டது. வீட்டுக்குள் வந்ததும் எல்லா விளக்கையும் போட்டாள். உட்காரவில்லை.

“பஸ்ல எப்படி?”

“பஸ்ல பெரிய லைட்டு இருக்குல்ல.”

“வளைவுல? லைட்டு நேராத்தானே அடிக்கும்?”

அவர் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார். மறுபடி எடுத்தார், அது காலியாக இருந்தது.

“மழைக்கு முன்னாடி ஒருநாள். ஆலை வளைவுல ஒரு ஆளு தள்ளுவண்டி தள்ளிட்டுப் போயிருக்கான். நான் பாக்கல. அவன் கத்துன பிறகுதான் பிரேக் அடிச்சேன். கண்டக்டர் பின்னாலேர்ந்து ‘என்னண்ணே, தூக்கமா’ன்னான். ஆமான்னுட்டேன்.”

“மழைக்கு முன்னாடியா?” அக்கா விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் கையை மடக்கிக்கொண்டாள். “அதுக்கப்புறமும் தினம் ஓட்டியிருக்கீங்க.”

“ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. பல்லக் கடிச்சிட்டு ஓட்டிரலாம்னு…”

“உங்க பின்னால அம்பது பேர் உக்காந்திருக்காங்க. அவங்க எதக் கடிச்சிட்டு உக்காரணும்?”

அவர் காலி டம்ளரைத் தள்ளிவைத்தார். பிறகு குழந்தைபோல் கேட்டார்: “பஸ்ஸ விட்டா நான் யாரு?”

அக்கா இதற்குப் பதில் சொன்னாளாம். என்னவென்று என்னிடம் சொல்லவில்லை. நான் ஒரு பதிலை இட்டுக்கட்டி எழுதினேன். அழகாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

7

மறுநாள் அவர் பேருந்தை எடுக்கவில்லை. காலை ஒன்பதுக்கே டிப்போ மேலாளர் அறைக்குப் போனார். மேலாளர் அவரைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர்.

“ராத்திரியில எனக்குக் கண்ணு தெரியல சார். என்னைய வண்டியிலேர்ந்து இறக்கிடுங்க.”

மேலாளர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். ஒரு படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். பேனாவைத் திறந்து, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: “உங்களுக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?”

இரண்டு முடிவு எழுதிவைத்திருக்கிறேன்.

ஒன்றில் அவர் “நேத்துலேர்ந்து” என்கிறார். முழுப்பொய்யும் இல்லை, வாய்விட்டுச் சொன்னது நேற்றுத்தானே? அவருக்கு அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைக்கிறது. இன்னொன்றில் “அஞ்சு மாசமா” என்கிறார். விசாரணை வருகிறது. ‘தூக்கமா’ என்று கேட்ட கண்டக்டரையும் கூப்பிடுகிறார்கள்.

இரண்டையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். “அவர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “உன் கதைக்கு நான் சொல்லமாட்டேன். முதல்ல நீ சொல்லு. கடைக்காரம்மா சொன்னத அவர் உங்கிட்டச் சொன்னப்பவே உனக்குப் புரியலியா? ஒரு வாரம் என்ன பண்ணிட்டிருந்த?”

குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வேறென்ன?

அதனால் முடிவை எழுதும் யோக்கியதை எனக்கில்லை. நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எழுதுமுன், மாலை ஏழரை மணிப் பேருந்தில் ஜன்னலோரம் கண்ணயர்ந்து வருகிறவராக ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். அடுத்த நிமிடம், மேசைக்கு இந்தப் பக்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவராக.

மேலாளரின் பேனா இன்னும் தாளைத் தொடவில்லை.

“சார்,” என்றார் ஓட்டுநர்.