இரண்டு றொபேட்டுகளின் குடும்ப விபரம்

என் புருசன் அருள்நாயகத்திடம் ஒரு வேலையை நம்பிக் கொடுக்கலாம். இரண்டு கொடுத்தால் ஒன்று நாசம். அந்த வெள்ளிக்கிழமை நான் இரண்டு கொடுத்தேன். மீன் வாங்கி வருவது ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்குக் குடும்ப விபரத்தை ஃபக்ஸ் பண்ணுவது மற்றது. மீன் சரியாக வந்தது.

மாப்பிள்ளை என்றால் மரியோ. பேசிச் செய்கிற கலியாணம் என்று பெயர்தானே ஒழிய, என் மகள் மெலிசாவும் அவனும் இரண்டு வருடமாக ஒரே பஸ்ஸில் போய் வந்து எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் பேசுவது மரியாதைக்கு. ஆனால் மரியோவின் தாய் றீற்றாவுக்கு அந்த மரியாதை இல்லாமல் ஒன்றும் நடக்காது. மூத்த மகனுக்குப் பார்த்த இடத்தில் பெண்ணின் சித்தப்பன் குடிகாரன் என்பதை மறைத்தார்கள் என்று, மோதிரம் வாங்கிய பிறகு வேண்டாம் என்றவள். மரியோ அம்மா பிள்ளை. தாய் மாட்டேன் என்றால் அவன் என்ன செய்வான் என்பது மெலிசாவுக்கே தெரியாது. அந்தக் கிழமை முழுக்க அவள் சோற்றைக் கிளறினாளே தவிரச் சாப்பிடவில்லை.

விபரத்தை நான் சொல்லச் சொல்ல மெலிசா கொம்பியூட்டரில் அடித்தாள். அப்பா றொபேட், நெடுந்தீவு, தபால் கந்தோரில் வேலை, கோயில் கூத்துகளுக்குப் பாட்டு எழுதியவர். அம்மா அன்னம்மா. ஒரே பிள்ளை வேரோனிக்கா, அதாவது நான்.

மெலிசா அடிப்பதை நிறுத்தினாள். "மாமா?"

"எந்த மாமா?"

"அம்மா, ப்ளீஸ். உங்கட அண்ணா. அஜக்ஸிலை இருக்கிறார்."

"எனக்கு அண்ணன் இல்லை. நீ அடி."

என் அண்ணன் மரியரட்ணம் ஒன்பது வருடம் கத்தோலிக்கச் சாமியாராக இருந்தவர். அவருடைய முதல் பூசைக்குத் தீவே திரண்டு வந்தது. பிறகு எண்பத்தைந்தில் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒரு விதவையைக் கட்டினார். கோயிலுக்குப் போனால் சனம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றோடு பேச்சை விட்டேன். பதினொரு வருடம். அவர் குடும்பத்தோடு கனடா வந்து, கார் எடுத்தால் அரை மணித்தியாலத்தில், அஜக்ஸில் இருக்கிறார். நான் போனதில்லை.

அதே கொம்பியூட்டருக்குள் இன்னொரு றொபேட் இருந்தான். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்து அரசனின் சபையில் பாட்டு எழுதித் திரிந்த கவிஞன். மெலிசா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.க்கு அவன் குடும்பத்தைத்தான் ஆராய்ந்தாள். இப்படியானவர்கள் பட்டும் இறகுத் தொப்பியுமாக நின்று அடுத்தவன் பெண்சாதியின் கண்ணைப் பாடினார்களாம். வீட்டில் சொந்தப் பெண்சாதி என்ன பாடு பட்டாள் என்பதுதான் அவளுடைய கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் அவளிடம் ஒரு சோம்பல் பழக்கம். குறிப்பு எழுதும்போது வருடத்தில் பாதியை விழுங்கிவிடுவாள். 1612 என்றால் வெறும் 12. ஆட்களுக்கும் முதல் பெயர் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு றீற்றாவும் அவள் புருசன் நவரட்ணமும் மோர்னிங்சைட்டில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்தார்கள். நான் கட்லட் பொரித்து வைத்திருந்தேன். நவரட்ணம் கட்லட்டோடு ஐக்கியமாகிவிட்டார். றீற்றா தொடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் விரித்தாள்.

"வேரோனிக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கட அப்பா ரெண்டு தரம் மறியலிலை இருந்தவரே?"

தேநீர்த் தட்டை மேசையில் வைத்தேன். "என்னது? அப்பா ஜெயிலிலையோ?"

"நாப்பத்தேழிலை ஒருக்கா, அம்பத்தைஞ்சிலை ஒருக்கா. ராசாவைப் புகழ்ந்து பாட்டெழுதினதுக்கு எண்டு போட்டிருக்கு. நானும் இவரும் யோசிச்சுப் பாத்தம். கூத்திலை ராசா வருவார்தானே, அதை ஆரோ பிழையா விளங்கிப் போட்டாங்கள்."

நான் அருள்நாயகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"மறியல் பறவாயில்லை," என்றாள் றீற்றா. "இந்தக் காலத்திலை மறியலிலை இருந்த ஆக்கள் எந்த வீட்டிலை இல்லை? குதிரையளைச் சூதிலை தோத்ததையும் விடுவம். நெடுந்தீவெண்டால் குதிரை நிக்கிற இடம்தானே. ஆனா முதல் மனிசி செத்து ஒரு வருசத்துக்குள்ளை அவவின்ர தங்கச்சியைக் கட்டினது... அதோட மருமோள் குதிரைக்காரனோட ஓடினது..."

"ஐயோ மாதாவே! எங்கட பரம்பரையிலை ஒருத்தரும் குதிரைக்காரனோட ஓடேல்லை!"

"ஒளிக்காதேங்கோ, வேரோனிக்கா. நீங்கள்தானே எழுதி அனுப்பினனீங்கள்." றீற்றாவின் குரல் திடீரென்று தழுதழுத்தது. "இதை வாசிச்சுப் போட்டு வெள்ளிக்கிழமையிலை இருந்து எனக்கு நிம்மதியில்லை. ஒரு சனம் பெத்த தேப்பன்ர வண்டவாளத்தைக்கூட மறைக்காமல் எழுதியிருக்கு, நாங்கள் மறைச்சுப் போட்டம். எனக்கு முதல் இவருக்கு ஒரு கலியாணம் நடந்தது. எட்டு மாசம். அந்தப் பொம்பிளை விட்டிட்டுப் போட்டுது."

நவரட்ணத்தின் வாயில் கட்லட் நின்றுபோனது. பாவம் மனுசன், மென்று விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் காதுவரை சிவந்தார்.

அப்போதுதான் அறையில் இருந்த மெலிசா சத்தம் கேட்டு ஓடி வந்தாள். தாளைப் பார்த்தாள். "ஓ மை கோட். அன்ரி, இது எங்கட ஃபமிலி இல்லை. இது என்ர செகண்ட் சாப்டர்!"

இங்கிலாந்து, அரசன், சபை, அரசனைக் கவிழ்த்து அவன் ஆட்களை மறியலில் போட்டவர்கள், விழுங்கின பாதி வருடம் எல்லாம் அவள் விளக்கி முடிக்க ஐந்து நிமிடம் பிடித்தது. அருள்நாயகம், பிரின்டரில் மேலே கிடந்த தாளை எடுத்ததாகவும் றொபேட் என்று இருந்ததால் அனுப்பியதாகவும் ஒப்புக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அந்தக் குதிரைக்காரனோடு அனுப்பியிருப்பேன்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். றீற்றா சிரிக்கவில்லை. புருசனின் மானத்தை ஒரு வெள்ளைக்காரனுக்காக அவிழ்த்துக் கொட்டிவிட்டு இருந்தவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? முகம் இறுகிக் கையை நீட்டினாள். "அப்ப உங்கட உண்மையான பேப்பர் எங்கை?"

அது பிரிட்ஜில் காந்தத்தின் கீழ் இருந்தது. எடுத்தேன். நாலே வரி. சுத்தமான, பவுடர் போட்ட நாலு வரி. சூதாடி, இரண்டு பெண்சாதி கட்டி, மறியலுக்குப் போனவனுடைய தாளில் அத்தனை பேரும் இருந்தார்கள். என் தாளில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போன அண்ணன் இல்லை.

மெலிசா என்னையே பார்த்தாள். சொல்லாதே என்கிறாளா, சொல் என்கிறாளா, தெரியவில்லை. அவளுடைய வாழ்க்கை அல்லவா றீற்றாவின் நீட்டிய கையில் இருந்தது! பொய்யைக் கொடுத்து, மோதிரத்துக்குப் பிறகு அகப்பட்டால்? சீ, அதுகூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

"பொறுங்கோ," என்றேன். "இதிலை ஒராள் குறையுது."

பேனையை எடுத்து, மேசையில் வைத்து எழுதினேன். மரியரட்ணம். அண்ணன். ஒன்பது வருடம் சாமியார். விட்டுவிட்டுக் கலியாணம் கட்டினவர். அஜக்ஸ்.

றீற்றா வாசித்தாள். திரும்ப வாசித்தாள். நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"சாமியார்," என்றாள் றீற்றா கடைசியாக.

"ஓம்."

"குதிரைக்காரன் இல்லை."

"இல்லை."

அப்போது, வந்ததிலிருந்து வாய் திறக்காத நவரட்ணம் கட்லட்டை விழுங்கிவிட்டுப் பேசினார். "அவரைக் கூப்பிடுங்கோ. பிள்ளையின்ர தாய்மாமன் இல்லாமல் என்ன கலியாணம்? எனக்கும் பக்கத்திலை இருக்க ஒராள் வேணும்."

றீற்றா புருசனை முறைத்தாள். பிறகு தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து, முதல் கட்லட்டை எடுத்துக் கடித்தாள். மெலிசா குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

நான் தொலைபேசியை எடுத்தேன். பதினொரு வருடத்தில் ஒருதரமும் அழுத்தாத இலக்கம், ஆனால் பார்க்காமலே விரல் போனது. மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அண்ணை, நான் வேரோனிக்கா."

பயந்துபோன குரலில் கேட்டார்:

"ஆர் செத்தது, பிள்ளை?"