விறைக்காத ரொட்டி

குலாம் ரசூலுக்கு வாழ்க்கையில் உருப்படியாக ஒரே ஒரு யோசனைதான் உதித்தது. அன்றைக்குத் தலைவலி என்று படுத்துத் தூங்கியிருக்கலாம்.

திருத்தணியில் அரக்கோணம் ரோட்டிலிருக்கும் துளசிங்கத்தின் பேக்கரியில் அவர்தான் ரொட்டி மாஸ்டர். பின்கட்டில் அவர் மனைவி குல்ஜார் பேகத்துக்கு ரஸ்க் வேலை. டீக்கடைகளில் விற்காமல், விறைத்துப்போய்த் திரும்பி வரும் ரொட்டியை நறுக்கி, அடுப்பின் கடைசிச் சூட்டில் காயவைப்பாள். வீட்டில் அரை வார்த்தை பேசுபவள், கத்தியும் கையுமாக அங்கே நின்றால் மாஸ்டரையே அதட்டுவாள்.

"உன் ரொட்டிய வெச்சி மலைக்கு இன்னும் நாலு படி கட்டலாம் பாய்" என்று டீக்கடைக்காரர் ஒருவர் சொன்னதுதான் வினை. மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. போனில் தேடிப் பிடித்தார்: பத்து கிலோ மைதாவுக்குக் கால் கிலோ உருளைக்கிழங்கு மாவு, கூடக் கொஞ்சம் தண்ணீர். மூன்றாம் நாளும் ரொட்டி, அமுக்கிய விரலை எடுத்ததும் எழுந்து சலாம் வைத்தது.

"நீ மாஸ்டர் இல்ல பாய், சயின்டிஸ்ட்டு!" என்றார் துளசிங்கம். மாஸ்டர் வீட்டுக்குப் போக அன்று தெரு அகலம் போதவில்லை.

அப்புறம் ஒரு ரொட்டிகூடத் திரும்பி வரவில்லை. குல்ஜார் கத்தியைத் துடைத்தாள். தட்டைத் துடைத்தாள். மறுபடி கத்தியைத் துடைத்தாள். சனிக்கிழமை துளசிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சும்மா எதுக்கும்மா வெயில்ல வந்துகினு... ஊட்ல இருங்க."

"புது ரொட்டியிலயே ரஸ்க் போடலாம் மொதலாளி" என்று மாஸ்டர் கெஞ்சினார்.

"விக்கிற ரொட்டிய எவனாவது காயவெப்பானா? சயின்டிஸ்ட்டு நீயே சொல்லு."

திங்கட்கிழமை மாஸ்டர் உருளை மாவைப் போடாமலே பிசைந்தார். புதன்கிழமை நாற்பது ரொட்டி ஜம்மென்று விறைத்துத் திரும்பி வந்தன. மாஸ்டர் பெற்ற பிள்ளைகளைப் போல அவற்றை எண்ணினார். துளசிங்கம் ஒன்றை எடுத்து மேஜையில் தட்டினார். டொக்.

"மறந்துட்டேன் மொதலாளி."

"ஆங், வயசாவுதில்ல. நாளையிலேர்ந்து நானே அளந்து போடறேன். நாப்பதுக்குன்னு எதுக்கு ரஸ்க்கு, இத மாட்டுக்குப் போட்டுடு."

வீட்டில் குல்ஜார் டீயோடு ஏதோ கம்பெனி ரஸ்க்கைத் தட்டில் வைத்தாள். மாட்டுக்குப் போன நாற்பதைப் பற்றி அவர் சொன்னார்.

"எதுக்குங்க இதெல்லாம்? ரொட்டி நல்லாதான இருக்குது" என்றாள். அவ்வளவுதான். ஒரு அதட்டல்கூட இல்லை.

மாஸ்டர் ரஸ்க்கை டீயில் முக்கி, கடித்தால் சத்தம் வராதபடி நன்றாக ஊறவிட்டார்.