மூன்று தரம் சொன்ன பல்லி

எங்களுக்குள் ஒரு கள்ளன் இருக்கிறான் என்பது மூன்றாவது பாட்டும் களவுபோனபோது எனக்கு உறுதியாகிவிட்டது. முதல் தடவை தற்செயல் என்று விட்டேன். இரண்டாவது தடவை சோறு இறங்கவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகும் பேசாமல் இருப்பவன் மனிதனில்லை, வாழைமரம்.

பகலில் நான் நீர்வேலியில் வாழைக்குலைகளைக் கொழும்பு லொறிக்கு ஏற்றிவிடுகிறவன். மிச்ச நேரமெல்லாம் இணையத்தில் புதுப் பாட்டுத் தேடுகிறவன். ஆடவைக்கிற மின்னிசை, ரீமிக்ஸ், சேரவே சேராத இரண்டு பாட்டுகளை ஒட்டவைக்கிற மாஷப், இவைதான் என் சரக்கு. ‘இடிமுழக்கம்’ என்று ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். எண்ணூறு பேர். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு பாட்டுப் போடுவேன், ஒன்றே ஒன்று. அதற்கு முதல் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கக்கூடாது. என் மானம் மரியாதை எல்லாம் அதில்தான் இருந்தது.

தேடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பெயரை அடித்துத் தேடினால் எல்லோருக்கும் கிடைப்பதுதான் நமக்கும் கிடைக்கும். ஒரு நல்ல பாட்டின் கீழே பின்னூட்டம் போட்டவன் யார் என்று பார்க்கவேண்டும். அவன் வேறெதை விரும்பியிருக்கிறான், அதைச் செய்தவன் யாரைப் பின்தொடர்கிறான் என்று ஒவ்வொரு படலையாகத் திறந்துகொண்டு உள்ளே உள்ளே போகவேண்டும். கடைசியில் முப்பது நாற்பது பேர் மட்டும் கேட்ட ஒன்று அகப்படும். இந்த வித்தையை என் தங்கை மதுராவுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அப்படி நான் கண்டெடுத்த பாட்டுகளைத்தான் ‘கரையோசை’ என்று ஒரு பக்கம் வியாழக்கிழமையே போட்டது. பருத்தித்துறைப் பக்கத்து ஆள் என்பது மட்டும் தெரியும். பெயரில்லை, முகமில்லை. என் குழுவிலிருந்தே ஒருவன் எழுதினான்: “அண்ணை, உது நேற்றே வந்திட்டுது.” அந்த ஒரு வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கு முதல் என் பாட்டைக் கேட்கிறவர்கள் மூன்றே பேர். ஒருவன் றோய், பள்ளிக்கூட நாளிலிருந்து என் சினேகிதன். கலியாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன், பாம்புச் செவி. அடுத்தவன் கனிசியஸ், பருத்தித்துறை பஸ் ஓட்டுகிறவன். அவன் பாட்டைப் போட்டு, சீற்றில் இருக்கிற சனத்தின் கால் ஆடுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்லுவான். மூன்றாவது மதுரா, ஒரே வீட்டில் இருப்பதால்.

கனிசியஸ் தினமும் பருத்தித்துறைக்குப் போய் வருகிறான், உண்மைதான். ஆனால் றோய் கொஞ்ச நாளாகக் கைபேசியைக் குப்புற வைக்கிறான். நான் போனால் கதையை நிறுத்துகிறான். புது ஸ்பீக்கர் இரண்டு வாங்கியிருக்கிறான். இவ்வளவும் போதாதா?

மதுராவைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை. அவளுக்கு அப்போதுதான் ஒரு சம்பந்தம் கூடிவந்திருந்தது. முப்பத்தொரு வயது. முந்தி வந்த மூன்றும் குழம்பிப்போயின. அதில் ஒன்றைக் குழப்பியது நான். மாப்பிள்ளையை மூன்று நாள் பின்தொடர்ந்து, அவர் மூன்று நாளும் சாராயக் கடைக்குள் போகிறார் என்று கண்டுபிடித்து வந்து சொன்னேன். அவர் அங்கே ஐஸ் கட்டி கொடுக்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு மதுரா எனக்குச் சோறு போட்டுவிட்டு அறைக்குள் போனாள். இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் குத்துகிறது.

இந்த முறை புறோக்கர் கொண்டுவந்தது லக்ஷன் என்ற பெடியன், பருத்தித்துறையில் கணினி படிப்பிக்கிற வாத்தியார். சாதகம் நன்றாகப் பொருந்தியிருந்தது. அந்த வீட்டில் எல்லாவற்றையும் முடிவுசெய்வது அவனுடைய பெரிய மாமா சிவசுப்பிரமணியம், பஞ்சாங்கம் பாராமல் படலை தாண்டாத மனிதர். அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: “தம்பி, உதையும் நீ கிண்டிக் கெடுத்தியெண்டால் பிறகு என்னை அம்மா எண்டு கூப்பிடாதை.” நான் தலையாட்டினேன். எனக்குக் கிண்டுவதற்கு வேறு வேலை இருந்தது.

அந்தக் கிழமை எனக்கு அகப்பட்டது சாதாரணப் பாட்டில்லை. நோர்வேயில் இருக்கிற யாரோ ஒருவர் தவிலடியை டெக்னோவோடு கலந்திருந்தார். நாற்பத்தொரு பேர்தான் கேட்டிருந்தார்கள். நடுவில் எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்று, ஒரு மூச்சு விடுகிற நேரம் வெறுமையாக இருக்கும். பிறகு தவிலும் பீட்டும் சேர்ந்து விழும்போது மயிர்க்கால் எல்லாம் எழும்பிவிடும். இதைக் களவு கொடுப்பதில்லை என்று சத்தியம் பண்ணினேன்.

குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு யோசித்தபோது, லைற்றுக்கு மேலே இருந்த பல்லி சொன்னது. பல்லி சொன்னால் பலிக்கும் என்று அம்மா வழமைபோல விரலால் மேசையில் தட்டினா. எனக்கு அந்த இடத்திலேயே யோசனை வந்துவிட்டது. கைபேசியைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்று, அந்தப் பல்லி அடுத்த தரம் சொல்லும்வரை காத்திருந்து பதிவுசெய்தேன். பாட்டின் வெறும் இடைவெளியில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். றோயின் பிரதியில் ஒரு தரம், கனிசியஸின் பிரதியில் இரண்டு தரம், மதுராவின் பிரதியில், எண்ணிக்கை ஒழுங்குக்காக, மூன்று தரம். கரையோசையில் வரும்போது எனக்கு வடிவாகக் கேட்கவேண்டுமென்று சத்தத்தையும் கூட்டிவிட்டேன். கேட்கிறவர்கள் தங்கள் வீட்டுச் சுவரைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். எந்த வீட்டில் பல்லி இல்லை?

வியாழக்கிழமை வந்தது. கரையோசையில் ஒன்றும் வரவில்லை. வேறொருவன் என்றால் சந்தோசப்பட்டிருப்பான். நான் சந்தேகப்பட்டேன். கள்ளன் பொறியைக் கண்டுபிடித்துவிட்டான் என்றல்லவா அர்த்தம்? கண்டுபிடிக்கக்கூடிய காது யாருக்கு இருக்கிறது?

நேரே றோயின் கொட்டிலுக்குப் போனேன். வயர்களுக்கு நடுவில் இருந்தான்.

“அந்தத் தவில் பாட்டைப் போடு பாப்பம்,” என்றேன்.

போட்டான். இடைவெளி வந்தது. பல்லி இல்லை.

“பல்லி எங்கை?”

றோய் சிரித்தான். “ஓ, அதுவோ. குசினியிலை வைச்சுப் பதிஞ்சனியோ? ஒரு பல்லி விழுந்திருந்தது. நான் எடுத்துத் துப்பரவாக்கிப்போட்டன். சொன்னால் வெட்கப்படுவாய் எண்டுதான் சொல்லேல்லை.”

“துப்பரவாக்கினியோ, தடயத்தை அழிச்சனியோ?”

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறியை, கரையோசையை, குப்புற வைத்த கைபேசியை, புது ஸ்பீக்கரை. கடைசியில் அவன் தன் கைபேசியை எடுத்து என் கையில் வைத்தான். மதுராவின் கலியாணத்துக்கென்று அவனாகவே தொகுத்து வைத்திருந்த பாட்டுகள் வரிசையாக இருந்தன.

“சம்பந்தம் சரிவரமுந்தியே செய்யிறன் எண்டு சொன்னால் கண்ணூறு எண்டுவாய், அதுதான் ஒளிச்சனான்,” என்றான். “புது ஸ்பீக்கரும் அதுக்குத்தான். நீ இப்ப போ, ஜெயரூபன்.”

மச்சான் என்பதைத் தவிர வேறு பெயரால் அவன் என்னைக் கூப்பிட்டது அன்றுதான். அப்போதும் எனக்குள் ஒரு மூலை, உதுவும் நடிப்பாக இருக்கலாம் என்றது. அந்த மூலையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டார் வான் ஒன்றைப் பிடித்து வந்து இறங்கினார்கள். நான் படலையடியில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு உள்ளே விட்டேன். அன்றைக்கு நாள் வைத்துவிட்டுப் போவதாகப் பேச்சு. அம்மா பயத்தம் உருண்டையும் முறுக்கும் பரப்பி வைத்திருந்தா. லக்ஷன் தெற்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான், நான் அவனுக்குப் பக்கத்தில். நன்றாகத்தான் இருந்தான். வேர்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவனுடைய சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்துகொண்டேயிருந்தது, சிக் சிக் என்று. எட்டிப் பார்த்தேன். இயர்போனைச் சுருட்டி வைத்திருந்தான். வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து நிறுத்த மறந்திருக்கிறான் போல. பெண் பார்க்க வருகிறவனுக்கு என்ன பாட்டு வேண்டிக்கிடக்கிறது என்று என் மூளை உடனே கிண்டத் தொடங்கியது.

மதுரா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். சிவசுப்பிரமணியம் ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பஞ்சாங்கத்தை விரித்தார். ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியில் பல்லி சொன்னது. ஒன்று. இரண்டு. மூன்று.

அம்மாவின் விரல் கதிரைக் கையில் தட்டத் தொடங்கிப் பாதியில் நின்றது. ஐயா நிமிர்ந்தார்.

“தெக்குப் பக்கம்,” என்றார். “மூண்டு தரம். ஞாயிற்றுக்கிழமை.” பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், மூடினார். “குறை நினைக்காதையுங்கோ. நாளெடுக்கிற நேரத்திலை உப்பிடிச் சொன்னால் அதை மீறி நான் செய்யமாட்டன். வேறை இடம் பாருங்கோ.”

அம்மாவின் முகத்தில் இரத்தமில்லை. மதுரா சுவரைப் பார்க்கவில்லை, லக்ஷனின் சட்டைப் பையைப் பார்த்தாள். அவன் கை மெல்ல அந்தப் பைக்குள் போனது. சிக் சிக் சத்தம் நின்றது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது எங்கள் குசினிப் பல்லி. மூன்று தரம் என்றால் மதுராவின் பிரதி. அவளிடமிருந்து இவனுக்கு. இவன்தான் கரையோசை. புறோக்கர், சாதகம் எல்லாமே இரண்டு பேரும் சேர்ந்து ஆடிய நாடகம். எத்தனை கிழமை என்னை விசரனாக்கியிருக்கிறார்கள்! கள்ளன் அகப்பட்ட சந்தோசம் ஒரு கணம் நெஞ்சில் பொங்கியது, பொய் சொல்லமாட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும், இரண்டு பேருக்கும் தண்டனை. அவர்களால் வாய் திறக்க முடியாது. திறந்தால் காதல் வெளிவரும், அதை ஐயா பல்லியைவிட மோசமான சகுனமாக எடுப்பார்.

ஐயா எழும்பினார். மதுராவின் தட்டில் தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. ஐஸ் கட்டி மனிதரின் சம்பந்தம் குழம்பிய அன்று அவள் எனக்குச் சோறு போட்டது நினைவுக்கு வந்தது.

“இருங்கோ ஐயா,” என்றேன். “அது பல்லி இல்லை. நான் வைச்ச பல்லி.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கைபேசியை எடுத்து அந்தப் பிரதியைப் போட்டேன். தவில் வந்தது, அமைதி வந்தது, மூன்று தரம் பல்லி சொன்னது, பீட் இடித்து விழுந்தது. பிறகு லக்ஷனின் பையைக் காட்டினேன். “இவரின்ரை பைக்குள்ளையும் இந்தப் பாட்டுத்தான் ஓடினது. நான்தான் அனுப்பினனான்.”

ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். என்னைவிடப் பெரிய ஒரு சந்தேகப் பிராணி உலகத்தில் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. “உங்களுக்குள்ளை முந்தியே பழக்கமோ? பிறகேன் படலையிலை பேர் கேட்டனீர்?”

“பாட்டாலைதான் பழக்கம், ஐயா. முகம் இண்டைக்குத்தான் தெரியும்.”

“ஓம் மாமா,” என்றான் லக்ஷன்.

“அதுசரி, பாட்டுக்குள்ளை பல்லியை ஏன் விட்டனீர்?”

“என்ரை சினேகிதன் பாட்டைக் களவெடுக்கிறான் எண்டு நினைச்சன். பிடிக்கிறதுக்கு.”

“எடுத்தவனோ?”

மதுரா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு கிழமை துரத்திய கள்ளன் என் கதிரைக்குப் பக்கத்தில் வேர்த்துக்கொண்டு இருந்தான்.

“இல்லை, ஐயா. ஒருத்தரும் எடுக்கேல்லை. பிழை என்னிலைதான்.”

ஐயா என் கைபேசியைக் காட்டினார். “தவிலை மட்டும் இன்னொருக்காப் போடும்,” என்றார். போட்டேன். அவருடைய விரல் பஞ்சாங்க மட்டையில் தாளம் போட்டது. பிறகு இருந்து, பக்கத்தைத் திருப்பி, தை மாதத்தில் ஒரு நாளைச் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தா.

அவர்கள் போனபிறகு மதுராவைக் குசினியில் பிடித்தேன். “எப்பிடியடி உவனைப் பிடிச்சனி?”

“நீங்கள்தானே அண்ணை சொல்லித் தந்தனீங்கள்,” என்றாள். “நல்ல பாட்டுக்குக் கீழை பின்னூட்டம் போட்டவன் ஆரெண்டு பாக்கச்சொல்லி.” சிரிக்கத் தொடங்கினாள், பிறகு அழுதாள். களவைப் பற்றிக் கேட்டேன். அவள் ஆசையாக அனுப்பியதை அவன் அவளுக்கென்று நினைத்து ஒவ்வொரு வியாழனும் போட்டானாம். அந்தக் கிழமை மட்டும், பெண் பார்க்க வருகிற பயத்தில், ஒன்றும் போடவில்லையாம்.

அம்மா உள்ளே வந்தா. “பாட்டுப் போட றோயிட்டைச் சொல்லு. இப்ப சொன்னால்தான் வேறை இடம் போகமாட்டான்.”

றோய்க்கு எழுதினேன்: ‘நாள் வைச்சாச்சு. நீ எடுக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள். கலியாணத்துக்கு வா, மச்சான்.’ இரண்டு கோடும் நீலமாகின. பதில் இல்லை. பின்னேரம்வரை ஐந்து நிமிசத்துக்கு ஒருதரம் பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரம் ஒரு ஒலித்துண்டு வந்தது, இரண்டு செக்கன். சொல் ஒன்றுமில்லை. காதோடு வைத்துக் கேட்டேன். துப்பரவாக்கி எடுத்த என்னுடைய பல்லியை அவன் எறியாமல் வைத்திருந்திருக்கிறான். ஒரு தரம் சொன்னது.

வருகிறேன் என்கிறானா, நக்கலடிக்கிறானா? எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. கேட்டு எழுதத் தொடங்கி அழித்தேன். பிறகு குசினி மேசையில் விரலால் ஒரு தரம் தட்டிவிட்டு, அவன் வருவான் என்று அம்மாவிடம் சொன்னேன்.