அக்காவுக்கு உடம்பு சரியில்லை

அக்கா பியானோ, தம்பி வயலின். அவனுடைய முதல் வயலின் பரீட்சையன்று, கூடப் பியானோ வாசிக்க வேண்டிய மனிதர் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். அவனுக்கு அப்போது ஒன்பது வயது, அவளுக்குப் பதினைந்து. "தள்ளுங்க, நான் வாசிக்கிறேன்" என்று பியானோ முன்னால் உட்கார்ந்தவள்தான். அடுத்த பதினேழு வருடம் எழுந்திருக்கவில்லை.

கூட வாசிப்பது என்றால் பின்னாலேயே போவது என்று பலர் நினைக்கிறார்கள். தம்பியின் வலது தோள் நூலளவு உயர்ந்தால் அவன் அவசரப்படப் போகிறான் என்று அக்காவுக்குத் தெரியும். அவன் மூச்சை இழுக்கும்போது அவளும் இழுப்பாள். எந்த மண்டபத்தில் பியானோவின் மூடியை எவ்வளவு திறந்தால் வயலின் அமுங்காது என்று அவள்தான் பார்ப்பாள். நிகழ்ச்சி அறிவிப்புகளில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அவள் பெயர் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும். "கண்ணாடி போட்டாத்தான் நான் இருக்கேன்னே தெரியுது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவனுக்கு இருபத்தாறு வயதில் நகரத்தின் பெரிய மண்டபத்தில் வாசிக்கும் வாய்ப்பு வந்தது. எண்ணூறு இருக்கைகளும் நிரம்பியிருந்தன. வானொலியில் நேரடி ஒலிபரப்பு. மூன்றாவது வரிசையில், வெளிநாட்டுக் கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் முகவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று வாசித்தது ஒரு சொனாட்டா, பல பகுதிகள் கொண்ட நீண்ட இசைப்படைப்பு. அதன் கடைசிப் பகுதியில் ஒரே மெட்டு இரண்டு முறை வரும். முதல் முறை அது ஒரு பக்கம் திரும்பும். இரண்டாம் முறை வேறு பக்கம் திரும்பி முடிவை நோக்கிப் போகும். நூறு தடவை வாசித்த இடம். அன்று தம்பி முதல் முறையிலேயே இரண்டாவது வழியில் இறங்கிவிட்டான். இரண்டு பக்கம் அப்படியே காணாமல் போயிற்று. மனப்பாடமாக வாசித்துக்கொண்டிருந்ததால், தான் தாவிவிட்டது அவனுக்கு உடனே புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. வலது கை வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடது கையால் தாள்களைப் புரட்டி, அவன் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து வந்து சேர்ந்தாள். இரண்டு விநாடிக்குமேல் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு விநாடியும் பியானோ ஒரு திசைக்கும் வயலின் ஒரு திசைக்கும் இழுத்தன. சோற்றில் கல் கடிபட்டாற்போல மண்டபம் முகம் சுளித்தது.

அப்போது தம்பி தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தான். புருவம் உயர்ந்திருந்தது. 'என்ன செய்கிறாய்?' என்று கேட்கிற புருவம்.

அந்தக் கணத்தில், அவள்தான் தவறிவிட்டாள் என்று அவன் உண்மையாகவே நம்பினான். நான்கு வரி வாசிப்பதற்குள் தவறு யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஆனால் பார்த்த பார்வையைத் திரும்ப வாங்க முடியாது. எண்ணூறு பேரும் அதைப் பார்த்திருந்தார்கள்.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் நிற்க இடமில்லை. முகவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் கையைக் குலுக்கினார். "கடைசியில பியானோ காலை வாரிவிட்டுடுச்சே. நீங்க அசராம வாசிச்சீங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம்."

இல்லை, தாவினது நான்தான் என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். வந்த வார்த்தை வேறு.

"அக்காவுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லை" என்றான். "அவளைத் தப்பா நினைக்காதீங்க."

கேட்டவர்களுக்கு அது பெருந்தன்மையாகத்தான் பட்டது. அக்கா கதவருகே இசைத்தாள்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு பையின் வாரை இழுத்து மாட்டினாள். காரில் வீட்டுக்குப் போகும் வழியில், "குளிருது, கண்ணாடியை ஏத்து" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று அவன் இருந்துவிட்டான்.

காலையில் பத்திரிகை வந்துவிட்டது. 'தடுமாறிய பியானோ, தளராத வயலின்.' இரண்டு நாள் கழித்து முகவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரு வருடப் பயணம், ஆறு நாடுகள். ஒரே ஒரு நிபந்தனை, பியானோ வாசிக்க ஆளை அவர்களே தருவார்கள்.

சமையலறையில் அக்கா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

"போயிட்டு வா" என்றாள். "அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் மனப்பாடமா வாசிக்காதே. தாளை முன்னால வச்சுக்கோ."

அவன் காது மடல்கள் சுட்டன. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனான்.

அதன் பிறகு அவன் போன பாதை எல்லோருக்கும் தெரியும். இசைத்தட்டுகள், விருதுகள், ஊர் ஊராக மண்டபங்கள். அந்த சொனாட்டாவை மட்டும் அவன் திரும்ப வாசிக்கவேயில்லை. கேட்டவர்களிடம், தனக்கு அது பிடிக்காது என்று சொல்லிவைத்தான்.

அக்காவின் பாதை யாருக்கும் தெரியாது. அழைப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. நடனப் பள்ளி ஒன்றில், காலைப் பயிற்சிக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று கால் நீட்டி மடக்குவதற்கு வாசித்தாள். நான்கு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு ஓர் இசைக் கல்லூரியில் பரீட்சைக்கு வாசிக்கிறவர்களோடு கூட வாசிக்கும் வேலை. அங்கேதான் மெல்லப் பேர் வந்தது. 'அவங்க பியானோவுல இருந்தா பாதிப் பயம் போயிடும்' என்று மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொன்னார்கள். பெரிய பாடகர்கள்கூடப் புதிதாக ஒன்றை மேடையேற்றுமுன் அவளிடம் வந்து பாடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அறிவிப்புகளில் அவள் பெயர் எறும்பளவில்கூட வரவில்லை. ஆனால் அந்தத் தொழிலில் இருந்தவர்களில் அவளைத் தெரியாதவர் இல்லை.

அக்காவும் தம்பியும் கல்யாணங்களில் சந்தித்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் முழுதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றையும் பேசினார்கள், அதைத் தவிர.

அவனுக்கு நாற்பத்தெட்டு வயதானபோது வானொலி அவனைப் பற்றி இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒன்று தயாரித்தது. பழைய பதிவுகளைத் தேர்ந்தெடுக்க அவனை வரச் சொன்னார்கள். ஒலித்தொகுப்பாளர் ஒரு பெண். மேஜைமேல் அந்த சொனாட்டாவின் அச்சுப் பிரதியை விரித்து வைத்திருந்தாள். பெரிய மண்டபத்துக் கச்சேரியின் பதிவை ஓடவிட்டாள்.

அவன் அதை அதற்குமுன் கேட்டதில்லை. தான் தாவிய இடம் வந்தது. அந்த இரண்டு விநாடியில் பியானோ ஓடி வருவது கேட்டது. கூட்டத்தில் கையை உதறிவிட்டுப் போன பிள்ளையைத் தேடி ஒருத்தி ஓடி வருவதுபோல இருந்தது.

"இங்க பியானோ தப்பு பண்ணிடுச்சுன்னு கோப்புல எழுதியிருக்கு சார்" என்றாள் அந்தப் பெண். பென்சில் முனை அச்சுப் பிரதியில் ஓரிடத்தில் நின்றது. "ஆனா நான் புத்தகத்தை வச்சுப் பார்த்தப்ப..." அவள் முடிக்கவில்லை. "வேணும்னா அந்த இடத்தை வெட்டி ஒட்டிடலாம் சார். யாருக்கும் தெரியாது."

"வெட்டிடுங்க" என்றான்.

"சரி சார்." குறித்துக்கொண்டாள். அவள் குரலில் எந்த மாற்றமும் இல்லை. ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மூன்றாம் நாள் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, வெட்டவேண்டாம், தானே வந்து பேசுகிறேன் என்றான். நிகழ்ச்சியில் உள்ளது உள்ளபடி சொன்னான். தாவியது, பார்த்தது, உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னது, எல்லாம்.

கடிதங்கள் குவிந்தன. இந்தக் காலத்தில் யார் இப்படி ஒத்துக்கொள்கிறார்கள், எவ்வளவு பெரிய மனம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு வார இதழ் அக்காவையும் தம்பியையும் சேர்த்து அட்டைப்படம் கேட்டது. அவன் ஒருநாள் நிம்மதியாகத் தூங்கினான். மறுநாள் அக்கா கூப்பிட்டாள்.

"யாரைக் கேட்டுடா சொன்னே?"

பதில் வருமுன் வைத்துவிட்டாள்.

அவன் கல்லூரிக்குப் போனான். மூன்றாவது மாடியில் அவளுடைய பயிற்சி அறை. சுவரை ஒட்டி ஒரு பியானோ, இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "இருபது நிமிஷம் இருக்கு. உட்காரு."

உட்கார்ந்தான்.

"வாசல்ல நிக்கிற காவலாளி வரைக்கும் இன்னைக்கு என்னைப் பாவமா பார்க்கிறார். இருபத்திரண்டு வருஷமா நானா சம்பாதிச்ச பேரு இது. ஒரே நாள்ல மறுபடியும் உன் கதையில வர்ற ஆளாக்கிட்டே. உன் பாரத்தை இறக்கி வைக்க என் தலைதான் கிடைச்சுதா?"

"உண்மையைத்தானேக்கா சொன்னேன்."

"என்கிட்ட சொன்னியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"தாவினது தப்பே இல்ல. யாருக்கும் வரும். பார்த்தே பாரு, அதுகூடப் போகட்டும், பயத்துல பார்த்தே. உடம்பு சரியில்லைன்னு சொன்னே. அப்புறம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் 'இப்ப தேவலையா'ன்னு கேட்டாங்க. தேவலைன்னா அன்னைக்குச் சீக்குன்னு ஆகும். சீக்கே இல்லைன்னா நீ பொய்யன்னு ஆகும். என்னத்தைச் சொல்ல? சிரிச்சுட்டு வந்துடுவேன்."

அவள் பியானோ மூடியிலிருந்த தூசியை விரலால் வழித்தாள்.

"நீ வெளிநாடு போனப்புறம் அம்மா சொன்னாங்க, 'தம்பியை நடுவுல விட்டுட்டியேடி'ன்னு. ஆஸ்பத்திரியில இன்னொரு தடவை. நீ மருந்து வாங்கப் போயிருந்தே. ஆமாம்மா, கவனக்குறைவுன்னு சொன்னேன்."

"ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"அந்த நேரத்துல உன்னைப் பத்தி அவங்களுக்கு இருந்த பெருமையை நான் ஏன் கெடுக்கணும்? அவங்க அப்படியே நினைச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு எந்த ரேடியோவுல சொல்லப்போறே?"

மேடையில் எத்தனையோ பேர் முன்னால் நின்றவன், அந்தச் சின்ன அறையில் தன் இரண்டு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னை மன்னிச்சுடு அக்கா" என்றான் கடைசியில். அக்காவிடம் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"இப்பவே பதில் வேணுமா?"

"வேண்டாம்."

கதவு தட்டப்பட்டது. பெரிய வயலின் போன்ற செல்லோவை முதுகில் சுமந்துகொண்டு ஒரு மாணவி எட்டிப் பார்த்தாள். உள்ளே இருப்பவர் யார் என்று அடையாளம் தெரிந்து அவள் கண்கள் விரிந்தன. அக்கா அதைக் கவனிக்காததுபோல, "வாம்மா, உட்காரு, சுருதி சேர்த்துக்கலாம்" என்றாள். தம்பியிடம், "நீ கிளம்பு" என்றாள். அவன் படியிறங்கினான்.

வார இதழ் இரண்டு முறை நினைவூட்டியது. அக்காவைக் கேட்காமல் எதுவும் சொல்லமுடியாது என்று அவன் பதிலனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டான். எட்டு முறை மணி அடித்தபின் எடுத்தாள்.

"அட்டைப்படம் கேட்கிறாங்கக்கா. உன்னைக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

"வேண்டாம்னு சொல்லு."

"சரி."

அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை. மறுமுனையில் பாத்திரம் ஏதோ நகர்ந்தது. தனக்கு ஒரு வாரமாக முழங்கால் வலி என்றும், லிஃப்ட் பழுது என்று கல்லூரியில் மூன்று மாடியும் ஏறவைக்கிறார்கள் என்றும் சொன்னாள். டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டான். போகவேண்டும் என்றாள். இருவரும் நாலு நிமிடம் முழங்காலைப் பற்றிப் பேசினார்கள். மன்னிப்பைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.