சங்கிலி கறுக்கும் நேரம்

பாதாளச் சாக்கடைக்குள் நெட்டையன் இறங்கிய அதே நிமிடத்தில், நான்கு மைல் தள்ளி வீட்டில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவன் மனைவியின் கழுத்தில் வெள்ளிச் சங்கிலி கறுத்தது. கல்யாணமான முதல் மாதம் அது. வியர்வை ஒத்துக்கொள்ளவில்லை என்றார் வெள்ளிக்கடைக்காரர். மட்டமான வெள்ளி என்றாள் நாத்தனார், வாங்கிக் கொடுத்தது தன் தம்பிதான் என்பது ஞாபகம் வரும்வரை. பிறகு அவளே வழியும் சொன்னாள்: கிண்ணத்துக்குள் அலுமினியத் தாளை விரி, ஒரு கரண்டி உப்பு, ஒரு கரண்டி சமையல் சோடா, மேலே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். தாளைத் தொடாத கண்ணி கறுப்பாகவே நிற்கும், பார்த்துப் போடு. நுரை பொங்கியது, அழுகின முட்டை நாற்றம் அடித்தது, சங்கிலி பளிச்சென்று வெளுத்தது. சாயங்காலம் வந்த நெட்டையன், "பத்தரைக்கு மேல குழியில காத்து ஆத்தங்கரை மாதிரி ஆயிடுச்சு" என்றான். அவள் சங்கிலியைக் கிண்ணத்தில் போட்டது பத்தரைக்கு.

ஒரு நாள் நடந்தால் தற்செயல். அவள் ஏழு வருஷம் பார்த்தாள். அவன் இறங்கினால் கறுக்கும். அவள் வெளுக்கவைத்தால் கீழே விஷவாயு விலகும். விலகிய வாயு நேராக அவள் சமையலறைக்கு வரும். ஜன்னலைத் திறந்துவைக்கப் பழகிக்கொண்டாள். அந்த ஏழு வருஷத்தில் மற்ற கோஷ்டிகளில் நான்கு பேர் குழிக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார்கள். நெட்டையன் கோஷ்டியில் ஒருவருக்கு இருமல்கூட இல்லை. அவள் விஷயத்தைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. நாத்தனார்தான் சிரித்தாள்.

எட்டாம் வருஷம், மூன்று நாள் மழைக்குப் பிறகு, ரயில் நிலையத்துக்கு எதிரே பெரிய குழாய் அடைத்துக்கொண்டது. முகமூடி கேட்டதற்கு அடுத்த வாரம் வரும் என்றார் அதிகாரி. அந்த அடுத்த வாரத்துக்கு அப்போது ஐந்து வயது. நெட்டையனும் இன்னும் இருவரும் இறங்கினார்கள். சங்கிலி எப்போதும்போல ஓரத்திலிருந்து மங்கவில்லை. கொக்கியைத் தவிர மொத்தமும் ஒரே மூச்சில் கரிக்கட்டையாகிக் கழுத்தைச் சுட்டது. அவள் ஓடிப்போய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சோடா டப்பாவைக் கவிழ்த்தாள். ஒரு சிட்டிகை விழுந்தது.

"அண்ணி, சோடா எங்க?"

"பாத்திரம் கழுவுற தொட்டி அடைச்சுக்கிச்சு, நேத்து அதுல கொட்டிட்டேன். இப்ப என்ன, குடியா முழுகிப்போச்சு?"

அவள் சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள். ஏழு வருஷம் நம்பாத நாத்தனார் செருப்புகூடப் போடாமல் தெருமுனை ரொட்டிக்கடைக்கு ஓடினாள். இவள் பற்பசையால் தேய்த்தாள். தேய்த்த இடம் வெளுத்து, விரலை எடுக்குமுன் கறுத்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தாள், சாறும் கறுத்தது. கொக்கியின் அடியில் கறுப்பு ஏறத் தொடங்கியது. அதுவும் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நாத்தனார் ரொட்டிக்கடைக்காரரைச் சோடா மூட்டையோடு இழுத்துவந்தாள். அளவெல்லாம் பார்க்கவில்லை. துணி ஊறவைக்கும் அண்டாவில் தாளை விரித்து, இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டினார்கள். சங்கிலியைப் போட்டுத் தண்ணீரை ஊற்றியதும் அண்டா சீறியது. கதவின் பித்தளைத் தாழ்ப்பாள் கண்ணெதிரே கறுத்தது. ரொட்டிக்கடைக்காரர் வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தார். அவள் நகராமல், தாளைத் தொடாத கண்ணிகளைக் கரண்டிக் காம்பால் அழுத்திப் பிடித்தாள்.

"வெளிய வாடி, செத்துடுவ!"

"இன்னும் நாலு கண்ணிதான் அண்ணி."

நாத்தனார் ஈரத் துண்டை அவள் மூக்கைச் சுற்றிக் கட்டிவிட்டு, தானும் ஒரு கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆளுக்கு இரண்டு கண்ணி.

அங்கே குழி வாயில், கூப்பிட்டதற்குப் பதில் வராமல் கயிற்றைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்த மேஸ்திரி, குழாய் பெருமூச்சு விட்டதைக் கேட்டார். அடுத்த நிமிடம் மூவரும் தாங்களாகவே ஏணியேறி வந்தார்கள். நெட்டையன் வீடு சேர்ந்தபோது இரண்டு பெண்களும் வாசலில் கிடந்து இருமிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தான்.

சங்கதி கேட்ட அதிகாரி, மாதம் ஐந்து கிலோ சோடா வழங்க உத்தரவிட்டு, முகமூடிக் கோப்பை மூடினார். அவள் அந்த ஐந்து கிலோவைச் சுமந்துபோய் அவர் மேசைமேல் வைத்தாள். "நாளைக்கு நீங்க இறங்குங்க சார். தண்ணி நான் வைக்கிறேன்." முகமூடி அந்த வாரமே வந்தது.

இப்போது முகமூடி போட்டுத்தான் இறங்குகிறார்கள். இருந்தாலும் மூடியைத் தூக்குமுன் மேஸ்திரி போன் செய்து, "ஏம்மா, தண்ணி கொதிச்சாச்சா?" என்று கேட்டுக்கொள்வார். ஊரில் குழிக்கு ஆள் அனுப்பும் பதினோரு வீடுகளில் இப்போது அப்படி அடுப்பு எரிகிறது. காலையில் அந்த ஜன்னல்களைக் கடப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, நடையைக் கொஞ்சம் எட்டிப்போட்டு, வேலைக்குப் போகிறார்கள்.